ஐஸ் பாதையிலும் கிராமச் சாலையிலும் சைக்கிள்: வடக்கு ஃபின்லாந்திலிருந்து ஒரு குளிர்கால வழிகாட்டி

ஃபின்லாந்தின் ஓவ்லு நகரம் ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 170 கி.மீ. தெற்கே, பொத்னியா வளைகுடாவின் கரையில் இருக்கிறது. ஜனவரியில் சராசரி வெப்பநிலை மைனஸ் 10-ஐ ஒட்டி நிற்கும். டிசம்பர் கடைசியில் பகல் என்று சொல்லிக்கொள்ள மூன்றரை மணி நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். அந்த ஊரில் 900 கி.மீ.க்கு மேல் சைக்கிள் பாதை உண்டு. குளிர்காலத்திலும் அது காலியாகக் கிடப்பதில்லை. புத்தகப்பையோடு பள்ளிப் பிள்ளைகள், முன்கூடையில் காய்கறியோடு பாட்டிமார், அலுவலகம் போகிறவர்கள் எல்லோரும் அதில்தான் போகிறார்கள். குளிர்கால சைக்கிளோட்டத்துக்கான முதல் சர்வதேச மாநாடு 2013-இல் நடந்ததும் அங்கேதான்.

அவர்கள் யாரும் சாகசக்காரர்கள் அல்ல. சில பழக்கங்களும் ஒரு ஜோடி நல்ல டயரும் இருக்கிறது, அவ்வளவே. ஓஸ்லோவிலோ டொராண்டோவிலோ சூரிக்கிலோ இருந்துகொண்டு நவம்பர் வந்ததும் சைக்கிளை நிலவறையில் பூட்டி வைப்பவர்களுக்காக அந்தப் பழக்கங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

1. பயப்பட வேண்டியது பூஜ்யத்துக்கு

மைனஸ் 20 என்று ஊருக்குப் போனில் சொன்னால், “ஐயோ, வெளியில போகாதப்பா” என்பார் அம்மா. இன்று பூஜ்யம் என்றால், “பரவாயில்லையே, குளிர் விட்டிருச்சு போல” என்று நிம்மதியாகிவிடுவார். சைக்கிள்காரனுக்குக் கணக்கு நேர்தலைகீழ்.

மைனஸ் 15, 20-இல் ஐஸ் வறண்டு, கடினமாக, சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். ரப்பர் ஓரளவு பிடிக்கும். பனி காலடியில் கிறீச்சிடும். அந்தச் சத்தம் கேட்டால் பிடிமானம் இருக்கிறது என்று அர்த்தம். பூஜ்யத்தை நெருங்க நெருங்க ஐஸின் மேல் ஈரப் படலம் வந்துவிடும். ஈரமான ஐஸைவிட வழுக்கும் தரை சாலையில் வேறு கிடையாது. பகலில் உருகி இரவில் உறையும் நாட்கள்தான் எலும்பு முறியும் நாட்கள். அதனால்தான் தெற்கே இருக்கும் ஹெல்சிங்கியின் குளிர்காலம், ஓவ்லுவைவிட வெதுவெதுப்பாக இருந்தும், சைக்கிளுக்கு அதிகத் தொல்லை தருகிறது. ஜெர்மனி, டென்மார்க், தெற்கு நார்வே எல்லாம் இந்த இரண்டாவது வகைதான்.

ஆகவே கிளம்பும் முன் இப்போதைய வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாது. நேற்று மாலை எவ்வளவு, இரவில் எவ்வளவு இறங்கியது, மழை பெய்ததா என்று பாருங்கள். பிளஸ் 3-இல் மழை, பிறகு வானம் தெளிந்து இரவு மைனஸ் 4: காலையில் கண்ணாடித் தரை காத்திருக்கும். இன்னொன்று, வானிலைச் செயலி சொல்வது தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்துக் காற்றின் வெப்பம். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுவதால், காற்று பிளஸ் 2 காட்டும்போதே சாலை உறைந்திருக்கலாம். பாலங்கள் இன்னும் மோசம். அடியிலும் காற்று போவதால் முதலில் உறைவது அவைதான்.

ஃபின்லாந்தில் வானிலை நிறுவனம் நடப்பவர்களுக்கென்றே வழுக்கல் எச்சரிக்கை வெளியிடுகிறது. நெடுஞ்சாலைக் கேமராப் படங்களையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் நாட்டில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை தேடி வைத்துக்கொள்ளுங்கள். உறைமழை, அதாவது தரையில் விழுந்ததுமே ஐஸாகும் மழை, அறிவித்திருந்தால் பேச்சே வேண்டாம், பஸ்ஸில் போங்கள்.

2. முதல் செலவு டயருக்கு

புது ஜாக்கெட், விலை கூடிய கையுறை எல்லாம் அப்புறம். முதலில் ஆணி டயர். ரப்பர் கட்டைகளில் டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த குட்டி உலோக ஆணிகள் பதித்திருக்கும். சாதாரண டயரோடு தெளிந்த ஐஸில் போவது சாமர்த்தியத்தால் ஆகிற காரியமில்லை. அங்கே நடக்கவே முடியாது, சைக்கிள் எப்படி நிற்கும்?

ஆணி எத்தனை, எங்கே என்பதுதான் விஷயம். ஃபின்லாந்தின் ஹக்கபெலிட்டா டயர் வரிசையில், டபிள்யூ 106 மாடலில் 106 ஆணிகள். டபிள்யூ 240-இல் 240. பெயரிலேயே கணக்கு இருக்கிறது. பெருக்கித் துடைத்த நகரப் பாதை, எப்போதாவது ஐஸ் என்றால் முதல் வகை போதும். கிராமச் சாலை, உறைந்த தடங்கள், உழுத வயல்போல் மேடுபள்ளம் என்றால் இரண்டாவது வகைதான். அதில் நடுப்பகுதி மட்டுமின்றி ஓரங்களிலும் ஆணி உண்டு. தடத்தின் சரிவில் சக்கரம் ஏறும்போது பிடிப்பது அந்த ஓர ஆணிகளே. ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் விண்டரும் இந்த ரகம்தான். ஜெர்மனியில் காருக்கு ஆணி டயர் தடை, சைக்கிளுக்குத் தடையில்லை.

காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முன்சக்கரத்தில் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் வால் ஆடும், சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் என்ன நடந்தது என்று புரியும் முன்பே தரையில் கிடப்பீர்கள். தேய்ந்த ஆணி டயரைப் பின்னாலும் புதியதை முன்னாலும் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

புது டயர் மாட்டியதும் நேரே ஐஸுக்குப் போகாதீர்கள். முதல் 40, 50 கி.மீ. ஐஸில்லாத தார்ச்சாலையில், வேகமாகக் கிளம்பாமல், அழுத்திப் பிரேக் போடாமல் ஓட்டினால் ஆணிகள் தங்கள் குழிக்குள் நன்றாக உட்காரும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். அதனால் அக்டோபரிலேயே மாட்டிவிடுவது நல்லது. தார்ச்சாலையில் கடுகு பொரிகிற மாதிரி சடசடவென்று சத்தம் வரும். முன்னால் நடப்பவர்களுக்கு மணி அடிக்கவே வேண்டாம். ஐஸின் மேல் ஏறியதும் அந்தச் சத்தம் அடங்கி, லேசாக நெரிபடும் ஒலியாக மாறும். கண்ணுக்குத் தெரியாத ஐஸைக் காது காட்டிக்கொடுக்கும் இடம் அது. காதை முழுவதும் அடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்காதீர்கள்.

காற்றழுத்தம்: கோடையைவிடக் குறைவாக வையுங்கள். 40 மி.மீ. அகல டயருக்கு 2.5 முதல் 3 பார் வரை வைத்துப் பார்த்து, உங்கள் எடைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது. ஒரு சின்ன இயற்பியல் உண்டு. 20 டிகிரி வீட்டுக்குள் 3 பார் அடித்த டயர், மைனஸ் 15-இல் நின்றால் ஏறக்குறைய 2.5 பார் ஆகிவிடும். பஞ்சரோ என்று பதற வேண்டாம். சைக்கிள் நிற்கும் இடத்தின் குளிரிலேயே அளந்து அடியுங்கள்.

3. மற்ற பாகங்கள்

சீட்டை ஒன்றிரண்டு செ.மீ. இறக்குங்கள்; சட்டென்று கால் ஊன்ற வேண்டிவரும். காலைப் பூட்டும் வகைப் பெடல் இருந்தால் கழற்றிவிட்டுத் தட்டைப் பெடல் போடுங்கள். அந்தப் பூட்டுக்குள் பனி அடைந்துகொண்டால் கால் மாட்டவும் மாட்டாது, மாட்டினால் கழலவும் கழலாது.

பிரேக்கில், ரிம்மைக் கவ்வும் கட்டைகள் ஈரப்பனியில் வழுக்கும். ஒரு சுற்று சுற்றிய பிறகுதான் பிடிக்கத் தொடங்கும். போகும் வழியில் அவ்வப்போது லேசாக அழுத்திப் பனியைத் துடைத்துக்கொண்டே போக வேண்டும். டிஸ்க் பரவாயில்லை. சக்கரத்தின் நடுவே மூடிய பெட்டிக்குள் இருக்கும் பிரேக், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பழைய வகைப் பிரேக் இவற்றுக்கெல்லாம் பனி ஒரு பொருட்டே இல்லை. வடக்கே பழைய ஒற்றைக் கியர் சைக்கிள்கள் இன்னும் ஓடுவதற்கு அது ஒரு காரணம்.

கேபிள் உறைக்குள் தண்ணீர் புகுந்தால் உறைந்து, கியர் மாறாது. கடுங்குளிரில் கிளம்பும்போது நடுக் கியரில் வைத்துக்கொண்டால், அப்படியே மாட்டிக்கொண்டாலும் வீடு வந்து சேரலாம். பின்சக்கரத்தின் நடுவே, மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுழலவிடும் ஃப்ரீவீலுக்குள் கெட்டி கிரீஸ் இருந்தால் மைனஸ் 20-இல் அது மெழுகாகிவிடும். உள்ளே இருக்கும் நாக்குகள் பல்லில் விழாமல், பெடல் வெறுமனே சுற்றும். குளிர்காலத்துக்கு முன் கடையில் கொடுத்து மெல்லிய எண்ணெய் போடச் சொல்லுங்கள்.

வெளிச்சம் பற்றிச் சுருக்கமாக: முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இரண்டும் எரிய வேண்டும். ஃபின்லாந்தில் 2020 ஜூனிலிருந்து இருட்டில் பின்விளக்கும் கட்டாயம். டைனமோ இருந்தால் நிம்மதி, ஏனென்றால் குளிரில் பேட்டரி பாதி வழியில் கைவிடும். பனி கொட்டும்போது விளக்கைத் தாழ்த்தி வையுங்கள். உயர்த்தி வைத்தால் விழும் பனித்துகள்தான் ஒளிரும், பாதை தெரியாது.

மின்சார சைக்கிள் வைத்திருப்பவர்கள் பேட்டரியை வீட்டுக்குள் எடுத்து வந்து அறைச் சூட்டில் மட்டும் சார்ஜ் செய்யுங்கள். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்தால் நிரந்தரமாகக் கெடும். தூரமும் கோடையில் கிடைக்கிற அளவு கிடைக்காது, கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. உடுப்பது

புதிதாக ஓட்டுகிறவர்கள் குளிருக்குப் பயந்து மூட்டை மாதிரி உடுத்தி, பத்து நிமிடத்தில் வியர்த்து, அந்த வியர்வையிலேயே விறைத்துப்போகிறார்கள். வாசலில் நிற்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். அதுதான் சரியான அளவு. உடலை ஒட்டிக் கம்பளி, வெளியே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட், கடுங்குளிர் என்றால் இடையில் ஒன்று. பருத்தி பனியன் வேண்டாம்; ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

காற்றில்லாத மைனஸ் 10-இல் 20 கி.மீ. வேகத்தில் போனால் முகத்துக்கு அது மைனஸ் 18 மாதிரி. கைதான் முதலில் சாகும். ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட விரல்கள் ஒன்றாகக் கிடக்கும் பை வகை சூடானது. அதைவிடவும் நல்லது ஹேண்டில்பாரிலேயே மாட்டும் பெரிய உறை. பார்க்க அசிங்கம்தான். ஆனால் உள்ளே மெல்லிய கையுறையோடு பிரேக்கையும் மணியையும் இயல்பாகப் பிடிக்கலாம். காலுக்கு ஒரு அளவு பெரிய பூட்ஸ். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸ் திணித்தால் ரத்த ஓட்டம் நின்று கால் இன்னும் சில்லிடும்.

மூக்கு நுனி, கன்னம், காதுமடல் வெளிறி மரத்துப்போனால் உடனே நின்று வெறுங்கையால் பொத்திச் சூடாக்குங்கள். தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது பழங்காலத்து மூடத்தனம்.

5. தரையைப் படிப்பது

ஓட்டத் தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் பிரிக்கிற இடம் இது.

நன்றாக இறுகிய வெள்ளைப் பனி நல்ல நண்பன். ஓவ்லுவில் பல பாதைகளில் பனியைத் தார் தெரியும்வரை சுரண்டுவதில்லை. இறுகவிட்டு, வண்டியின் தகட்டால் மேலே கீறிச் சொரசொரப்பாக்கிவிடுகிறார்கள். அதில் ஆணி டயர் தார்ச்சாலையில் போவதுபோலவே போகும். புதிதாக விழுந்த உலர்ந்த பனி 5 செ.மீ. வரை பிரச்சினையில்லை, அடியில் என்ன இருக்கிறது என்பது தெரிந்தால். நேற்று ஐஸாக இருந்த இடத்தின் மேல் இன்று பனி விழுந்திருந்தால், அழகான வெள்ளைக்கு அடியில் அதே ஐஸ்தான்.

சேறு மாதிரி உருகிய பனி சக்கரத்தை இழுக்கும். அதுவே இரவில் உறைந்தால் நேற்றைய காலடித் தடங்களும் டயர்த் தடங்களும் கல்லாகி நிற்கும். எனக்குத் தெரிந்து மிக மோசமான தரை இதுதான். சக்கரம் ஒரு தடத்துக்குள் விழுந்தால் தண்டவாளத்தில் மாட்டியதுபோல் அது போகும் பக்கம்தான் போக வேண்டும். தடத்தை விட்டு வெளியேற வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்து, சாய்கோணத்தில் உரசாமல், முடிந்தவரை குறுக்காகக் கடக்க வேண்டும்.

கறுப்பு ஐஸ் என்பது தார் தெரியும்படியான கண்ணாடி மெல்லிய படலம். சாலை ஈரமாகத் தெரிகிறது, ஆனால் போகிற கார்களின் டயரிலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால் அது ஈரமில்லை, ஐஸ். தெருவிளக்கு மங்கலாகப் பரவாமல் கூர்மையாகப் பிரதிபலித்தாலும் அப்படித்தான்.

இடத்தையும் மனப்பாடம் செய்யலாம். மரநிழல், வடக்குப் பார்த்த சரிவு, வயலிலிருந்து தண்ணீர் கசிந்து வரும் வளைவு, கூரை நீர் சொட்டும் சுவரோரம். என் கணக்கில் முதலிடம் சுரங்கப்பாதைக்கு. பகலில் இரு சரிவுகளிலும் உருகும் தண்ணீர் அடியில் தேங்கி, மாலையில் உறையும். நீங்களோ இறக்கத்தில் வேகமெடுத்து, இருட்டில் நுழைந்து, அதே இடத்தில் ஹேண்டிலைத் திருப்ப வேண்டும். வேகத்தை மேலேயே குறைத்துவிட்டு இறங்குங்கள்.

6. ஓட்டுவது

முதல் நாள் அலுவலகத்துக்குப் போகாதீர்கள். காலியான, தட்டையான வண்டி நிறுத்துமிடத்துக்குப் போங்கள். மெதுவாக ஓட்டிக்கொண்டே பின்பிரேக்கை அழுத்தி வேண்டுமென்றே வழுக்கவிட்டுப் பாருங்கள். எந்த அழுத்தத்தில் வழுக்குகிறது, விட்டதும் எப்படி நேராகிறது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். அரை மணி நேரம் போதும்.

பிறகு சாலையில் ஒரே சூத்திரம்: ஒரு நேரத்தில் ஒரு வேலை. பிரேக் போடும்போது திரும்பாதீர்கள், திரும்பும்போது பிரேக் போடாதீர்கள், பெடலையும் உந்தாதீர்கள். வளைவுக்கு முன்பே நேரான பகுதியில் வேகத்தைக் குறையுங்கள். சைக்கிளைச் சாய்க்காமல் நிமிர்த்தி வைத்து, அகலமாகத் திரும்புங்கள். பிரேக் பெரும்பாலும் பின்னால். முன்பிரேக் தரை நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் மட்டும். கிளம்பும்போது உட்கார்ந்தபடியே லேசான கியரில் சீராக மிதியுங்கள். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தின் மேலிருந்து பாரம் போய் அது சுழலும்.

எதிர்பாராமல் ஐஸ் மேல் வந்துவிட்டால் எதையும் செய்யாதீர்கள். பிரேக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டு, முழங்கையைத் தளர்த்தி, பார்வையைத் தூரத்தில் வைத்து, நேராக உருளவிடுங்கள். பெரும்பாலான வழுக்கல் இரண்டு மூன்று மீட்டரில் முடிந்துவிடும். இறுக்கிப் பிடிக்கிற கைதான் ஆளை விழத்தட்டுகிறது.

விழத்தான் போகிறீர்கள் என்றால் கையை ஊன்றாதீர்கள். மணிக்கட்டு முறிவது அப்படித்தான். ஹேண்டிலை விட்டுவிட்டுத் தோள், இடுப்பு, தொடை என்று பக்கவாட்டில் சரியுங்கள். தடித்த ஜாக்கெட் இங்கே உதவிக்கு வரும். ஹெல்மெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் மெல்லிய தொப்பிதான் போட வேண்டும், தடித்த குல்லாய் போட்டால் ஹெல்மெட் தலையில் உட்காராது.

இன்னொரு விஷயம்: ஆணி டயர் போட்ட சைக்கிள் நிற்கும் இடத்தில் உங்கள் கால் நிற்காது. சிவப்பு விளக்கில் தன்னம்பிக்கையோடு நின்று, காலை ஊன்றி, அங்கேயே விழுபவர்கள் நிறைய. பூட்ஸின் அடிப்பகுதியையும் பார்த்து வாங்குங்கள்.

7. ஊருக்கு வெளியே

நகரப் பாதை முடிந்து கிராமச் சாலை தொடங்கியதும் ஆபத்தின் முகம் மாறுகிறது. இங்கே வழுக்கலைவிடக் கார்தான் பெரிய கவலை. பனி ஒதுக்கும் லாரி சாலையோரத்தில் ஒரு வரப்பு கட்டிவிட்டுப் போயிருக்கும், அதனால் சாலையே குறுகிப்போயிருக்கும். அந்த வரப்பை ஒட்டி ஓரமாகப் போனால் சக்கரம் மென்பனியில் புதைந்து உள்ளே இழுக்கும். கார்களின் வலதுபக்கச் சக்கரம் போய்ப் போய் இறுகிய, அல்லது தார் தெரிகிற அந்தத் தடம்தான் உங்கள் இடம். பின்னால் வண்டி வந்தால் ஒதுங்குவதற்கு வீட்டு வழியோ பஸ் நிறுத்தமோ முன்னால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள். ஓடிக்கொண்டே வரப்புக்குள் ஒதுங்காதீர்கள், நின்று ஒதுங்குங்கள்.

மரம் ஏற்றிய லாரி கடந்துபோனால் பின்னால் வெண்புழுதி மாதிரி பனி கிளம்பி, சில நொடிகள் ஒன்றுமே தெரியாது. அந்த நேரத்தில் உங்களையும் யாருக்கும் தெரியாது. லாரி நெருங்கும்போதே சாலையை விட்டு இறங்கி நில்லுங்கள். பனி ஒதுக்கும் வண்டிக்கும் அதேதான்; அதன் தகடு நீங்கள் நினைப்பதைவிட அகலம்.

ஃபின்லாந்தில் 100 கி.மீ. வேகம் உள்ள பல சாலைகளைக் குளிர்காலத்தில் 80 ஆக்குகிறார்கள். அது உங்களுக்குப் போதுமான மெதுவில்லை. பெரிய சாலைக்கு இணையாகச் சின்ன சாலை இருந்தால், தூரம் கூடினாலும் அதில் போங்கள். பெரிய சாலையில் உப்பு போடுவார்கள், ஈரமும் சேறும் இருக்கும். சின்ன சாலையில் ஜல்லிதான், வெண்மையாக இறுகிக் கிடக்கும். சைக்கிளுக்கு இரண்டாவதுதான் சுகம். மண்சாலைகள்கூட ஜனவரியில் அருமையாக உறைந்திருக்கும். ஏப்ரலில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள், பகலில் சேறு, இரவில் கல்.

உடையில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை வேண்டும், முக்கியமாகக் கணுக்காலில். மிதிக்கும்போது மேலும் கீழும் ஆடும் வெளிச்சத்தைப் பார்த்ததும் ஓட்டுநருக்கு அது சைக்கிள் என்று புரிந்துவிடும். அந்திநேரத்தில் காட்டுச்சாலையில் எல்க் மான் குறுக்கே வரும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். வெளிப்பையில் வைத்தால் தேவைப்படும்போது அணைந்திருக்கும். ஃபின்லாந்தில் இருப்பவர்கள் அவசர உதவிக்கான 112 சுவோமி செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். அதன் வழியாக அழைத்தால் நீங்கள் இருக்கும் இடம் உதவி மையத்துக்குத் தானாகப் போய்ச் சேரும்.

குறுக்குவழி என்று உறைந்த ஏரி மேல் போவதைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. உள்ளூர்க்காரர் கூட வராமல் வேண்டாம்.

8. வீடு வந்த பிறகு

சைக்கிளைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்து, பனி உருகி, காயும் முன்பே மறுபடி வெளியே எடுத்தால் உருகிய தண்ணீர் கேபிளிலும் பூட்டிலும் ஃப்ரீவீலிலும் போய் உறையும். ஒன்று, முழுக்கக் காயவிடுங்கள்; இல்லையென்றால் கொட்டகையின் குளிரிலேயே விடுங்கள். வடக்கே பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். பனியை மட்டும் தூரிகையால் தட்டிவிட்டால் போதும்.

உப்புச் சாலையில் ஓடியிருந்தால் செயினைத் துடைத்து, ஈரக்காலத்துக்கான கெட்டி எண்ணெய் விடுங்கள். வாரம் ஒருமுறையாவது. பூட்டு உறைந்துவிட்டால் வெந்நீர் ஊற்றாதீர்கள், அது இன்னும் உறுதியாக உறையும். பூட்டு எண்ணெய்க் குப்பி ஒன்று பையில் இருக்கட்டும்.

வசந்தம் வந்ததும் ஆணி டயரை அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். பாதை காய்ந்துவிட்டதுபோல் தெரியும், காலை ஐந்து மணிக்கு மட்டும் ஐஸ் இருக்கும். அதோடு குளிர்காலம் முழுவதும் தூவிய கூர்மையான ஜல்லி இன்னும் பெருக்கப்படாமல் கிடக்கும். மெல்லிய கோடை டயரைப் போட்டால் நாளுக்கொரு பஞ்சர். துப்புரவு வண்டி உங்கள் தெருவைப் பெருக்கிவிட்டுப் போன பிறகு மாற்றுங்கள். கழற்றும்போது டயர் எந்தப் பக்கம் சுழன்றது என்று சாக்பீஸால் அம்புக்குறி போட்டு வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே பக்கம் சுழலும்படி மாட்டினால் ஆணிகள் பிடிப்பிலிருந்து தளராது.